சத்தம் எங்கே நின்றது?

பள்ளி பீரோவின் அடித்தட்டில் ஒரு மடிக்கணினி கிடக்கும். அதன் மேல் ஒட்டிய தாளில் "சவுண்ட் வரவில்லை, பழுது" என்று எழுதி, தேதியும் போட்டிருக்கும். இருப்புப் பதிவேட்டில் அது இருக்கும், வகுப்பறைக்கு மட்டும் வராது. சங்கராபுரம் வட்டாரத்தில் பயிற்சிகளுக்கும் பள்ளிப் பார்வைக்கும் போகும்போது இப்படிப்பட்ட கணினிகளைத் திறந்து பார்ப்பதை நான் வழக்கமாக வைத்திருக்கிறேன். அவற்றில் பாதிக்கு மேற்பட்டவற்றில் எந்தப் பாகமும் கெட்டிருக்கவில்லை. "எப்போதிலிருந்து வரவில்லை?" என்று கேட்டால், "ஏதோ அப்டேட் ஓடியது சார், அதற்குப் பிறகுதான்" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் பதில்.

அந்தப் பதிலிலேயே பாதி விடை இருக்கிறது. மீதிப் பாதியை எப்படித் தேடுவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கணினி ஆசிரியர்களுக்காக எழுதவில்லை. தமிழ், ஆங்கிலம், கணக்கு எடுக்கும் நம்மைப் போன்றவர்களுக்காக எழுதுகிறேன். திரையில் ஆங்கிலத்தில் தெரியும் சொற்களை உச்சரிப்பின்படியே தமிழில் தந்திருக்கிறேன்.

சத்தம் போனால் என்ன பெரிய நட்டம் என்று சிலர் கேட்கலாம். படம் தெரிகிறதே, நாமே விளக்கிவிடலாமே என்பார்கள். கணக்குப் பாடத்துக்கு அது சரி. ஆனால் 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் விரைவுக் குறியீடுகளை அச்சிட்டதே, பாடத்தைப் பிள்ளைகள் பார்க்கவும் கேட்கவும்தான். எண்ணும் எழுத்தும் வகுப்பில் பாட்டுதான் பாடமே. கல்வராயன் மலையில் வெள்ளிமலை, சேராப்பட்டு பக்கம் படிக்கும் பிள்ளைகள் பலருக்கு, ஆசிரியரைத் தவிர வேறொருவர் ஆங்கிலம் பேசுவதைக் கேட்கக் கிடைக்கும் ஒரே வழி அந்த ஸ்பீக்கர்தான். செல்பேசிச் சமிக்ஞை எல்லா ஊரிலும் எடுக்காத இடத்தில், மடிக்கணினியில் இறக்கி வைத்த ஒலிக்கோப்புக்கு மாற்று இல்லை.

ஒலி போகும் வழி

பாடல் கோப்புக்குள் இருப்பது ஒலி அல்ல, எண்கள். குறுந்தகட்டில் ஒரு நொடி இசைக்கு 44,100 எண்கள். காணொளிகளில் பெரும்பாலும் 48,000. இந்த எண்கள் வரிசையாக வந்து மின்னழுத்தமாக மாறி, ஸ்பீக்கரின் தாளை அதிரச் செய்தால்தான் நம் காதுக்கு ஒலி. இடையில் ஐந்து கைகள் மாறுகின்றன. முதலில் பாட்டை ஓடவிடும் செயலி. அடுத்து, எல்லாச் செயலிகளின் ஒலியையும் ஒன்றாகக் கலக்கும் விண்டோஸ். மூன்றாவது, டிரைவர் என்னும் சிறு மென்பொருள். நான்காவது, எண்களை மின்னழுத்தமாக மாற்றும் ஒலிச்சில்லு. கடைசியில் ஸ்பீக்கர், அல்லது காதொலிப்பான், அல்லது புரொஜக்டர்.

டிரைவர் என்றதும் ஓட்டுநரை நினைக்க வேண்டாம். துபாஷியை நினைத்துக்கொள்ளுங்கள். கம்பெனிக்காரருக்குத் தமிழ் தெரியாது, நெசவாளருக்கு ஆங்கிலம் தெரியாது. நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேசியவர் துபாஷி. விண்டோஸுக்கும் ஒலிச்சில்லுக்கும் நடுவில் டிரைவர் செய்வது அதே வேலை. துபாஷி மாறிவிட்டாலோ, புதிதாக வந்தவருக்கு உள்ளூர் வழக்கு தெரியாவிட்டாலோ வியாபாரம் நிற்கும். இரண்டு பக்க ஆட்களும் நலமாகத்தான் இருப்பார்கள்.

உள்ளூர் வழக்கு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. இன்று நம் கையில் உள்ள பெரும்பாலான மடிக்கணினிகளில், 2004-இல் இன்டெல் வகுத்த ஹை டெஃபனிஷன் ஆடியோ என்ற பொது விதிப்படியே ஒலி ஓடுகிறது. சில்லு பல கணினிகளில் ரியல்டெக் என்ற தைவான் நிறுவனத்துடையது; நண்டுச் சின்னம் போட்டது. ஆனால் ஒரே சில்லை வாங்கினாலும், எந்தக் காலில் ஸ்பீக்கரை இணைப்பது, எந்தக் காலில் காதொலிப்பானை இணைப்பது, ஒலிபெருக்கும் சுற்றை எப்போது இயக்குவது என்பதை ஒவ்வொரு மடிக்கணினி நிறுவனமும் தன் விருப்பப்படி அமைக்கிறது. சில மாடல்களில் இந்த விவரம் அந்த நிறுவனம் தரும் டிரைவருக்குள்ளேயே இருக்கும். பொதுவான டிரைவர் வந்து உட்கார்ந்தால் அதற்கு இது தெரியாது. எண்கள் சில்லு வரை போகும், ஸ்பீக்கருக்கான கதவு மட்டும் திறக்காது.

அப்டேட்டால் ஒலி போவது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. 2018 அக்டோபரில் இன்டெல் ஒலி டிரைவரின் 9.21.00.3755 என்ற பதிப்பு, அது பொருந்தாத விண்டோஸ் 10 கணினிகளுக்கும் விண்டோஸ் அப்டேட் வழியாகத் தவறுதலாகப் போய்ச் சேர்ந்தது. காலையில் கணினியைத் திறந்தவர்களுக்கு ஒலி இல்லை. அவர்களில் பலர் தாமாக எதையும் நிறுவியிருக்கவில்லை. மைக்ரோசாஃப்ட் அந்த டிரைவரை அனுப்புவதை நிறுத்தி, பாதிக்கப்பட்ட கணினிகளுக்காகத் தனியே ஒரு திருத்தத்தை வெளியிட்டது. அதனால் "நான் எதையும் தொடவில்லை சார்" என்று ஓர் ஆசிரியரோ மாணவரோ சொன்னால் நம்புங்கள். உண்மையாகவே தொட்டிருக்க மாட்டார்கள்.

முதலில் பார்க்க வேண்டியது பச்சைக் கோடு

ஒலி வரவில்லை என்றவுடன் பலரும் செய்வது, கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றுவது. பத்து நிமிடம் கழித்து ஒலி வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது. வராவிட்டால் முன்பிருந்த நிலைக்குத் திரும்பவும் வழியிருக்காது. எதையும் மாற்றுவதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள்.

விண்டோஸ் 10 என்றால், திரையின் வலது கீழ் மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தை வலச் சொடுக்கு செய்து "சவுண்ட்ஸ்" என்பதைத் திறந்து, "பிளேபேக்" என்ற பக்கத்துக்குப் போங்கள். விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் சவுண்ட், அதன் கீழே "மோர் சவுண்ட் செட்டிங்ஸ்". இரண்டிலும் ஒரே சிறிய சாளரம் திறக்கும். ஸ்பீக்கர்ஸ், ஹெட்ஃபோன்ஸ், புரொஜக்டரின் பெயர் என்று, கணினிக்குத் தெரிந்த ஒலி வாசல்கள் எல்லாம் வரிசையாக இருக்கும். இப்போது ஏதாவது ஒரு பாட்டை ஓடவிட்டு, அந்தப் பெயர்களுக்குப் பக்கத்தில் உள்ள சிறு செங்குத்துக் கோட்டைக் கவனியுங்கள்.

கோடு பச்சையாக ஏறி இறங்கினால், செயலியும் விண்டோஸும் தங்கள் வேலையைச் செய்துவிட்டன. ஒலி அதற்குப் பிறகு எங்கோ நிற்கிறது. கோடு அசையவே இல்லை என்றால், ஒலி அங்கு வரை வந்து சேரவில்லை. செயலியின் ஒலி அணைந்திருக்கிறதா என்று "வால்யூம் மிக்சர்" திறந்து பார்க்க வேண்டும். சாளரத்தில் ஒரு பெயரும் இல்லாமல், "நோ ஆடியோ டிவைசஸ் ஆர் இன்ஸ்டால்டு" என்று மட்டும் இருந்தால் துபாஷியே இல்லை என்று பொருள். ஸ்பீக்கர் படத்தின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி இருந்தாலும் இதே நிலைதான்.

இந்த ஒரு பார்வையில் ஐந்து கைகளில் எந்தப் பக்கம் தேடுவது என்று தெரிந்துவிடும். பழுது பார்க்கும் கடைக்குப் போவதற்கு முன் ஒரு நிமிடம் செலவழிக்க ஏற்ற இடம் இதுவே என்பது என் அனுபவம்.

பச்சைக் கோடு ஓடியும் சத்தம் இல்லை என்றால் அடுத்ததாக ஒரு காதொலிப்பானைச் செருகிப் பாருங்கள். அதில் கேட்டால், டிரைவரும் சில்லும் நலம். ஸ்பீக்கர் பக்கம்தான் சிக்கல். மலைப்பகுதியில் ஈரக்காற்றில் செருகு துளைக்குள் பச்சை பிடித்து, எதுவும் செருகாமலேயே காதொலிப்பான் இருப்பதாகக் கணினி நினைத்துக்கொள்வதும் உண்டு. செருகியை நான்கைந்து முறை உள்ளே விட்டு எடுத்தால் அது சரியாகிவிடும். இதற்கும் அப்டேட்டுக்கும் தொடர்பில்லை. ஆனாலும் பழி அப்டேட் மேல்தான் விழும்.

ஷட்டவுன் வேறு, ரீஸ்டார்ட் வேறு

டிரைவர் மாறியபின் கணினியை ஒருமுறை முழுமையாக நிறுத்தித் தொடங்க வேண்டும். "நான் நேற்று மாலை அணைத்து, இன்று காலைதான் போட்டேன்" என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். அது போதாது. விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒரு வசதி உண்டு. ஷட்டவுன் கொடுத்தால், விண்டோஸின் அடிப்படைப் பகுதியையும் டிரைவர்களின் நிலையையும் வட்டில் எழுதி வைத்துவிட்டு அணையும். மறுநாள் புதிதாகத் தொடங்காமல், எழுதி வைத்ததை அப்படியே எடுத்துக்கொள்ளும். வேகமாகத் தொடங்கும், ஆனால் குழப்பமும் அப்படியே மறுநாளுக்கு வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் டிரைவர்கள் உண்மையாகவே புதிதாக ஏற்றப்படும். கேட்கச் சாதாரணமாக இருக்கிறது. ஆனால் பீரோவிலிருந்து எடுத்த கணினிகளில் சில இந்த ஒரே செயலால் பாட ஆரம்பித்திருக்கின்றன.

அப்டேட் ஓடும்போது மின்சாரம் போய், பழைய பேட்டரி தாங்காமல் கணினி அணைந்துபோனால் டிரைவர் அரைகுறையாக நிறுவப்பட்டிருக்கும். மழைக்காலத்தில் இது நம் பகுதிக்குப் புதிதல்ல. அப்போது ரீஸ்டார்ட் மட்டும் உதவாது. கீழே சொல்லப்போகும் வழிக்குப் போக வேண்டும்.

ஆசிரியர் அறையில் பாடும், வகுப்பறையில் பாடாது

இது தனி வகை. ஒலி டிரைவரை யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். படத்துக்கான கிராபிக்ஸ் டிரைவர்தான் புதுப்பிக்கப்பட்டிருக்கும். எச்டிஎம்ஐ கம்பி படத்தோடு ஒலியையும் சேர்த்துக் கொண்டுபோகும். அதனால் கிராபிக்ஸ் டிரைவரோடு அந்த வாசலுக்கான ஒலி டிரைவரும் சேர்ந்தே வரும். புதுப்பித்தபின் புரொஜக்டரையோ திறன்பலகையையோ இணைத்தவுடன் விண்டோஸ் "ஒலி இனி அங்கே" என்று முடிவு செய்துவிடுகிறது. பழைய புரொஜக்டர்கள் பலவற்றில் ஸ்பீக்கரே கிடையாது. இருந்தாலும் அதன் ஒலி பூஜ்யத்தில் இருக்கும். கம்பியைப் பிடுங்கி ஆசிரியர் அறைக்குக் கொண்டுவந்தால் மடிக்கணினி நன்றாகப் பாடும். "கடைக்காரர் முன்னால் பாடுது, பசங்க முன்னால் பாட மாட்டேங்குது சார்" என்று ஓர் ஆசிரியை சலித்துக்கொண்டார். கம்பி இணைந்திருக்கும்போதே, மேலே சொன்ன பிளேபேக் சாளரத்தில் ஸ்பீக்கர்ஸ் என்பதைத் தேர்ந்து "செட் டிஃபால்ட்" கொடுத்தோம். அரை நிமிட வேலை.

டிரைவரைத் திருப்பி வைப்பது

மேலே சொன்ன எதுவும் இல்லை, டிரைவரே மாறியிருக்கிறது என்றால் டிவைஸ் மேனேஜரைத் திறக்க வேண்டும். விண்டோஸ் விசையோடு எக்ஸ் விசையை அழுத்தினால் வரும் பட்டியலில் அது இருக்கும். அதில் "சவுண்ட், வீடியோ அண்ட் கேம் கன்ட்ரோலர்ஸ்" என்ற வரியை விரித்தால் ஒலிச்சாதனங்களின் பெயர்கள் தெரியும். பெயர் மேல் மஞ்சள் முக்கோணம் இருந்தால் டிரைவர் சரியில்லை. கீழ்நோக்கிய சிறு அம்புக்குறி இருந்தால் யாரோ அதை முடக்கி வைத்திருக்கிறார்கள். வலச் சொடுக்கு செய்து "எனேபிள்" கொடுத்தால் போதும்.

முதலில் பார்க்க வேண்டியது ரோல் பேக். ரியல்டெக் என்று தொடங்கும் பெயரை வலச் சொடுக்கு செய்து, "பிராப்பர்டீஸ்", அதில் "டிரைவர்" பக்கம், அதில் "ரோல் பேக் டிரைவர்". முன்பிருந்த டிரைவர் இன்னும் வட்டில் இருந்தால் இந்தப் பொத்தான் அழுத்தத் தக்கதாக இருக்கும். அழுத்தி ரீஸ்டார்ட் செய்யுங்கள். மங்கலாக இருந்தால் பழையது அங்கே இல்லை என்று பொருள்.

அப்படியானால் அதே பக்கத்தில் "அப்டேட் டிரைவர்" கொடுத்து, இணையத்தில் தேடச் சொல்லாமல், "பிரவுஸ் மை கம்ப்யூட்டர்", பிறகு "லெட் மீ பிக்" என்று போனால் ஒரு சிறு பட்டியல் வரும். அதில் "ஹை டெஃபனிஷன் ஆடியோ டிவைஸ்" என்று இருப்பது விண்டோஸோடு வரும் பொது டிரைவர். பல மாடல்களில் இதுவே வகுப்புக்குப் போதுமான ஒலியைத் தந்துவிடும். சில மாடல்களில் ஸ்பீக்கருக்கான கதவு இதற்குத் திறக்கத் தெரியாது. அதன் காரணத்தை முன்பே பார்த்தோம். அவற்றுக்கு, மடிக்கணினியின் அடியில் ஒட்டியுள்ள மாடல் எண்ணைப் பார்த்து, அந்த நிறுவனத்தின் தளத்திலிருந்து அந்த மாடலுக்குரிய ஒலி டிரைவரை இறக்கி நிறுவ வேண்டும். சில்லு நிறுவனத்தின் பொது டிரைவரை விட இதுவே நம்பத் தக்கது. எண் புதியதாக இருக்கிறதே என்று வேறொன்றை எடுக்க வேண்டாம். ஒலியைப் பொறுத்தவரை புதியதைவிடப் பொருந்துவதே மேல். எல்லா டிரைவரையும் ஒரே சொடுக்கில் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லும் மூன்றாம் தரப்புச் செயலிகளைப் பள்ளிக் கணினியில் நான் விடுவதே இல்லை. ஒலி போன கணினிகளில் அவற்றைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கடைக்குக் கொண்டுபோவதற்கு முன் இன்னொரு சோதனை இருக்கிறது. மலைப்பள்ளி ஒன்றிலிருந்து ஆசிரியர் ஒருவர், பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்த கணினியோடு வட்டார வள மையப் பயிற்சிக்கு வந்திருந்தார். "போர்டு போயிடுச்சாம் சார், மாத்தணும்னு கடையில சொல்றாங்க. அந்தப் பணத்துக்குப் புதுசே வாங்கிடலாம் போலிருக்கு" என்றார். அது விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த வகைக் கணினி. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அந்தத் திட்டத்தின் கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இயங்குதளம் அது. பெரும்பாலானோர் திறந்தே பார்த்திருக்க மாட்டோம். கணினி தொடங்கும்போது வரும் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்தோம். உள்ளே போய் ஒரு பாட்டை ஓடவிட்டோம். பாடியது.

இதில் மந்திரம் இல்லை. விண்டோஸின் டிரைவர் விண்டோஸுக்கு மட்டுமே; லினக்ஸ் தன் சொந்த டிரைவரைக் கொண்டு அதே சில்லோடு பேசுகிறது. லினக்ஸில் ஒலி வந்தால் போர்டும் சில்லும் ஸ்பீக்கரும் நலம் என்பது உறுதி. பாஸ் லினக்ஸ் இல்லாத கணினியிலும் உபுண்டு போன்ற ஒன்றைப் பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமல் அதிலிருந்தே ஓடவிட்டுப் பார்க்கலாம். அந்த ஆசிரியரின் கணினிக்கு மாடலுக்குரிய டிரைவரை நிறுவி, மாலைப் பேருந்துக்கு முன் கொடுத்துவிட்டோம். லினக்ஸிலும் ஒலி வராவிட்டால், அங்கே ஒலி அணைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கடைக்குப் போகலாம். அப்போது அது கடைக்காரரின் வேலை.

உயர் தொழில்நுட்ப ஆய்வகக் கணினிகள் வேறு கணக்கு. அவற்றுக்குப் பராமரிப்புப் பொறுப்பு தனியே இருக்கிறது. நிர்வாகிக்கான கடவுச்சொல்லும் நம்மிடம் இருக்காது. அங்கே பச்சைக் கோட்டைப் பார்த்து, கண்டதை எழுதிப் புகார் பதிவு செய்வதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. "சவுண்ட் இல்லை" என்று எழுதுவதற்குப் பதில் "பிளேபேக்கில் கோடு ஓடுகிறது, ஹெட்ஃபோனிலும் ஒலி இல்லை, இந்தத் தேதி அப்டேட்டுக்குப் பின்" என்று எழுதினால் வருபவர் உரியதைக் கையோடு கொண்டுவருவார்.

ஒலியே திரையாக இருக்கும் பிள்ளைக்கு

இதுவரை சொன்னதில் ஒரு நிபந்தனை மறைந்திருக்கிறது: திரையைப் பார்க்கக் கண் வேண்டும். பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகள் நம் பள்ளிகளில் என்விடிஏ போன்ற திரைவாசிப்பான் மூலம் கணினியைப் பயன்படுத்துகிறார்கள். 2006-இல் ஆஸ்திரேலியாவில், பார்வையற்றவரான மைக்கேல் கரன் எழுதத் தொடங்கிய இலவச மென்பொருள் அது. எழுதிய ஒவ்வோர் எழுத்தையும், திறந்த ஒவ்வொரு பட்டியலையும் குரலில் சொல்லும். தமிழிலும் வாசிக்கும், விண்டோஸில் சேர்த்துக்கொள்ளும் தமிழ்க் குரலுக்கு "வள்ளுவர்" என்றே பெயர்.

நான் பாடம் எடுக்கும் வகுப்பில் அப்படி ஒரு மாணவர் இருக்கிறார். ஒரு நாள் காலை, அப்டேட் ஓடிய கணினியின் முன் உட்கார்ந்து, விசைப்பலகையில் கை வைத்தபடியே, "சார், அது பேச மாட்டேங்குது" என்றார். நமக்கு ஒலி போனால் கணினியின் ஒரு பகுதி போகிறது. அவருக்குத் திரை, பட்டியல், கோப்பு எல்லாமே ஒரே நேரத்தில் போய்விடுகிறது. ஒலியைச் சரிசெய்யும் சாளரத்தைத் திறந்தாலும், திறந்ததா என்று சொல்லவும் ஒலிதான் வேண்டும்.

இதற்காகவே ஒரு யூஎஸ்பி ஹெட்செட்டைப் பள்ளியில் தனியே வாங்கி வைத்திருக்கிறோம். சாதாரணக் காதொலிப்பான் போல வட்டத் துளையில் செருகுவதல்ல. பென்டிரைவ் செருகும் இடத்தில் செருகுவது. அதற்குள்ளேயே தனி ஒலிச்சில்லு இருக்கிறது. விண்டோஸில் ஏற்கெனவே உள்ள யூஎஸ்பி ஒலி டிரைவரால் இயங்குவதால், கணினியின் சொந்த ஒலி டிரைவர் என்ன நிலையில் இருந்தாலும் இது பேசும். செருகிச் சில நொடிகளில் என்விடிஏயின் குரல் திரும்பியது. அதன் பிறகு டிவைஸ் மேனேஜரைத் திறந்து ரோல் பேக் செய்தவர் அந்த மாணவரேதான். நான் பக்கத்தில் நின்று மஞ்சள் முக்கோணம் எந்த வரியில் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். உள்ளடக்கிய கல்வியில் பணிபுரியும் சிறப்பு ஆசிரியர்களிடம் இதைச் சொன்னபோது, வருகையின்போது பையில் ஒன்று வைத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். வீட்டில் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கும் ஒன்று இருக்க வேண்டும்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பாடவேளை

ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் ஒலி பற்றிய பாடம் முடிந்தபின் இதை ஒரு விளையாட்டாகச் செய்துபார்த்தேன். கரும்பலகையில் ஐந்து கட்டங்கள்: செயலி, விண்டோஸ், டிரைவர், சில்லு, ஸ்பீக்கர். ஒரு குழு வெளியே போகும். இன்னொரு குழு கணினியில் ஒரே ஒரு தடங்கலை வைக்கும். வாசலை மாற்றலாம், சாதனத்தை முடக்கலாம், செயலியின் ஒலியை மட்டும் அணைக்கலாம், காதொலிப்பான் செருகியை யாரும் பார்க்காதபடி செருகி வைக்கலாம். உள்ளே வரும் குழு எதைத் தொடுவதற்கு முன்பும், ஒலி எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று நினைக்கிறார்கள், ஏன் என்பதைப் பலகையில் எழுத வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். மாற்றியது பயன்படவில்லை என்றால் பழையபடி வைத்துவிட்டுத்தான் அடுத்தது.

முதல் சுற்றில் எல்லாக் குழுவும் "ஸ்பீக்கர் கெட்டுப்போச்சு" என்றே எழுதின. மூன்றாம் சுற்றுக்கு வருவதற்குள் பச்சைக் கோட்டைப் பார்க்காமல் யாரும் எழுதவில்லை. சாதனத்தை முடக்கி வைத்த சுற்றில் ஒரு மாணவி, மேசையிலிருந்த யூஎஸ்பி ஹெட்செட்டை எடுத்துச் செருகி, "சத்தம் வந்திருச்சு சார், முடிஞ்சுது" என்றார். எதிர்க்குழு ஒப்புக்கொள்ளவில்லை. "அது வேற வழி. எங்க தடங்கல் அப்படியேதான் இருக்கு" என்றார்கள். "பாட்டு கேக்குதா இல்லையா?" என்றார் அவர். மணி அடிக்கும் வரை இந்த வாதம் நடந்தது. நான் தீர்ப்புச் சொல்லவில்லை. இரண்டு பக்கத்தின் காரணங்களையும் பலகையின் இரு பாதியில் எழுதச் சொன்னேன். அந்த மாணவி எழுதிய காரணங்களில் ஒன்று: "நாளைக்குத் தேர்வு என்றால் இன்று இது போதும்."

பாடவேளைக்கு ஒரு மடிக்கணினியும் ஒரு காதொலிப்பானும் போதும். நிர்வாகி கடவுச்சொல் வேண்டிய ரோல் பேக், அன்இன்ஸ்டால் ஆகியவற்றை மட்டும் விளையாட்டில் சேர்க்க வேண்டாம். தொடங்கும் முன் கணினியில் ஒரு ரீஸ்டோர் பாயின்ட் உருவாக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முன்கூட்டியே வைத்திருக்க வேண்டியவை

ஒரே தொகுப்பில் வந்த கணினிகள் பெரும்பாலும் ஒரே மாடல். ஒன்றுக்குப் பொருந்தும் டிரைவர் மற்றவற்றுக்கும் பொருந்தும். நல்ல இணையம் கிடைக்கும் இடத்தில் ஒருமுறை அந்தக் கோப்பை இறக்கி, மாடல் எண்ணையே பெயராக வைத்துப் பென்டிரைவில் சேமித்துக்கொண்டால், சமிக்ஞை இல்லாத பள்ளியிலும் சிக்கல் தீரும். எங்கள் பென்டிரைவில் அத்துடன் ஒரு லினக்ஸும் என்விடிஏ நிறுவும் கோப்பும் இருக்கின்றன. பள்ளி விட்டுப் பள்ளி போகும்போது அதில் நச்சுநிரல் தொற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வேறு கோப்புகளுக்கு அதைப் பயன்படுத்துவதில்லை.

கேட்டல் பயிற்சியோ தேர்வோ நடக்கும் வாரங்களில் விண்டோஸ் அப்டேட்டை நிறுத்தி வைக்கலாம். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் "பாஸ் அப்டேட்ஸ்" இருக்கிறது. அதிகபட்சம் 35 நாள்கள். பாதுகாப்புத் திருத்தங்களும் அதனுடன் நின்றுவிடும் என்பதால் அந்த வாரம் முடிந்ததும் மறக்காமல் திறந்துவிட வேண்டும். டிரைவர்கள் மட்டும் தனியாக "ஆப்ஷனல் அப்டேட்ஸ்" என்ற பட்டியலிலும் வரும். ஒலி நன்றாக இருக்கும் கணினியில் அந்தப் பட்டியலில் உள்ள ஒலி டிரைவரைத் தேர்ந்தெடுக்க எந்த அவசியமும் இல்லை.

இருப்புப் பதிவேட்டோடு ஒரு நாற்பது பக்க நோட்டும் வைத்திருக்கிறோம். தேதி, கணினி எண், பச்சைக் கோடு ஓடியதா, எதை மாற்றினோம், ஒலி வந்ததா என்று ஐந்து கட்டங்கள். இப்போது அதை நிரப்புவது ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள். பீரோவில் இருந்த கணினிகளில் இரண்டின் மேல் ஒட்டியிருந்த தாளைக் கிழித்தாயிற்று. மூன்றாவதில் லினக்ஸிலும் ஒலி இல்லை. அதைச் சங்கராபுரம் கடையில் கொடுத்திருக்கிறோம், நோட்டின் அந்தப் பக்கத்தைப் படியெடுத்துக் கணினியோடு வைத்து.